புதுச்சேரியில் இருந்து ஏனாம் எவ்வளவு தூரம்?

வானத்தில் ஒன்றரை மணி நேரம். பூமியில் ஒரு நாள்!

புதுச்சேரி நகரின் ஒரு பகுதி கதிர்காமம். முருகன் கோவில் கொண்ட இலங்கைக் கதிர்காமம் வேறு, இது வேறு. வீடுகளும் கடைகளும் நெருங்கிய இடம் இது. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இங்கேதான் இருக்கின்றன. சட்டசபைத் தொகுதி ஒன்றுக்கும் கதிர்காமம் என்றே பெயர்.

கதிர்காமத்தில் இருந்து சில கிலோமீட்டர் போனால் லாஸ்பேட்டை. அங்கே இருக்கிறது புதுச்சேரி விமான நிலையம். விமானம் தாழப் பறந்து இறங்கும்போது சத்தம் கேட்கும். பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள்.

"அம்மா, இந்த விமானம் எங்கே போகும்?" என்று ஒரு பிள்ளை கேட்கலாம்.

"பெங்களூருக்குப் போகும், ஐதராபாத்துக்குப் போகும்" என்று தாய் சொல்லலாம்.

"ஏனாமுக்குப் போகாதா?" என்று பிள்ளை மறுபடி கேட்டால்?

போகாது. புதுச்சேரிக்கும் ஏனாமுக்கும் நேர் விமானம் கிடையாது. ஆனால் ஏனாம் வேறு ராஜ்யத்து ஊர் அல்ல. அது புதுச்சேரியின் ஒரு பகுதி!

ஒரே சர்க்காரின் கீழ் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே தூரம் எவ்வளவு? போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? இது பள்ளிக்கூடக் கணக்கு போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் நோயாளியின் உயிர் இருக்கிறது. மாணவனின் படிப்பு இருக்கிறது. ஏழைக் குடும்பத்தின் கைப்பணம் இருக்கிறது.

நான்கு துண்டு, ஒரு சர்க்கார்

புதுச்சேரி என்பது ஒரே இடத்தில் இருக்கும் நிலப்பரப்பு அல்ல. அது நான்கு துண்டு.

புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் தமிழ்நாட்டுக் கரையில் இருக்கின்றன. மாகி கேரளக் கரையில் இருக்கிறது. ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் இரண்டு ஊர்களில் தமிழ் பேசுகிறார்கள். மாகியில் மலையாளம். ஏனாமில் தெலுங்கு.

இந்த ஊர்கள் எப்படி ஒன்று சேர்ந்தன? நான்கும் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தவை. 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி இவற்றின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி முடிந்தது. அன்று முதல் நான்கு ஊர்களும் சேர்ந்து ஒரு யூனியன் பிரதேசம்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்த ஊர்களை இணைத்தது கடல். கப்பலுக்கு மாநில எல்லை கிடையாது. கரையோரமாகப் போனால் எல்லாத் துறைமுகமும் ஒரே வழியில் வந்துவிடும். அந்தக் கப்பல் பாதை மறைந்தது. ஊர்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி ஏனாமில் 55,626 பேர் இருந்தார்கள். மாகியில் 41,816 பேர். காரைக்காலில் 2,00,222 பேர். புதுச்சேரியில் 9,50,289 பேர்.

சட்டசபையில் தேர்தல் மூலம் வரும் உறுப்பினர்கள் 30 பேர். அதில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகிக்கு 1, ஏனாமுக்கு 1. சட்டசபை கூடும் இடம் புதுச்சேரி. பெரிய காரியாலயங்கள் எல்லாம் புதுச்சேரியில்தான். ஐகோர்ட்டு என்றால் சென்னை ஐகோர்ட்டு. ஏனாம்காரர் ஆந்திரத்தின் நடுவில் வாழ்ந்தாலும், அவருடைய மேல் வழக்கு சென்னைக்குத்தான் வரவேண்டும்.

ஆகவே ஏனாம் மக்களுக்கு இந்தத் தூரம் வெறும் பூகோளப் பாடம் அல்ல.

நேர்கோட்டுத் தூரம் என்றால் என்ன?

விமானத் தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? இது மிகவும் எளிது.

பூமி உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர்களிலும் இரண்டு விரலை வையுங்கள். நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அந்த நூலின் நீளமே நேர்கோட்டுத் தூரம்.

படத்தில் குறுக்கே போகும் கோடுகளை அட்சரேகை என்கிறார்கள். வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் சுமார் 111 கிலோமீட்டர். புதுச்சேரி ஏறத்தாழ 12-வது பாகையில் இருக்கிறது. ஏனாம் 17-வது பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. கொஞ்சம் கிழக்கேயும் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்கோட்டில் சுமார் 590 கிலோமீட்டர் வருகிறது.

இந்தக் கோட்டைப் படத்தில் போட்டுப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் தெரியும். புதுச்சேரியை விட்டுக் கிளம்பும் கோடு மாமல்லபுரத்துப் பக்கமாகப் போய்க் கடலில் இறங்குகிறது. பிறகு கோதாவரிக் கரை வரை பெரும்பாலும் வங்கக் கடலின் மேலேயே போகிறது. பழைய கப்பல் பாதை ஏறத்தாழ இதுதான்!

ரோட்டு வழி அப்படி அல்ல. கடலில் ரோடு போட முடியாது. சென்னை, நெல்லூர், விஜயவாடா என்று கரையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அப்படிப் போனால் 800 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது.

மற்ற ஊர்களையும் பாருங்கள். காரைக்கால் நேர் தெற்கே இருக்கிறது. நேர்கோட்டில் சுமார் 112 கிலோமீட்டர். ரோட்டில் சுமார் 130 கிலோமீட்டர். வித்தியாசம் அதிகம் இல்லை.

மாகி ஏறத்தாழ நேர் மேற்கே இருக்கிறது. புதுச்சேரியில் காலையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் மாகி முன்னால் இருக்கிறது என்று சொல்லலாம். நேர்கோட்டில் சுமார் 470 கிலோமீட்டர். ஆனால் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ரோடு மலையைச் சுற்றிப் போகவேண்டும். அதனால் 600 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது.

ஏனாமுக்குக் கடல் தடை. மாகிக்கு மலை தடை. விமானத்துக்கு இரண்டும் தடை அல்ல. அப்படியானால் விமானம் விட்டால் போதாதா?

விமானத்தின் வேகம்

புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர் நீளம். பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதாது. ஆகவே இறக்கையில் இரண்டு சுழலி வைத்த சிறிய விமானங்களே இங்கே வந்துபோகின்றன. ஏ.டி.ஆர். 72 என்பது அப்படிப்பட்ட விமானம். அதில் 78 பேர் உட்காரலாம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

ஓடுபாதையை நீட்டலாமே என்று கேட்கலாம். அதற்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தில் ஒரு பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. இரண்டு சர்க்கார்களும் பேசி முடிக்கவேண்டிய விஷயம் அது.

புதுச்சேரியில் இருந்து பெங்களூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 265 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்றால் அரை மணியில் போய்விடலாம் அல்லவா? ஆனால் கால அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றே கால் மணி நேரம் போட்டிருக்கும். இது ஏன்?

விமானம் கதவை மூடிய நிமிடத்தில் இருந்து கணக்குத் தொடங்குகிறது. அது ஓடுபாதைக்கு மெல்ல உருண்டு போகவேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் வராது. இறங்கும்போது வேகத்தைக் குறைக்கவேண்டும். காற்று வீசும் திசையைப் பார்த்து, சுற்றி வந்து இறங்கவேண்டும். பெரிய நிலையமாக இருந்தால் முன்னால் வந்த விமானங்கள் இறங்கும் வரை வானத்தில் காத்திருக்கவேண்டும். இந்த நேரம் எல்லாம் சேர்ந்துதான் அட்டவணை நேரம்.

பஸ்ஸில் போகிறவருக்கு இது புரியும். பஸ் ரோட்டில் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்டாண்டை விட்டு வெளியே வரவே கால் மணி ஆகிறது!

அந்தக் கணக்கில் பார்த்தால், புதுச்சேரியில் இருந்து ஏனாம் பக்கம் ஒரு நேர் விமானம் விட்டால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். இது காகிதக் கணக்கு. உண்மையில் இன்றைய பிரயாணம் எப்படி நடக்கிறது?

ஒரு தாயின் பிரயாணம்

ஏனாமில் இருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். அவருடைய மகளுக்குக் கதிர்காமம் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. புதுச்சேரியின் தொழில் படிப்புகளில் ஏனாம், மாகி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மகளைச் சேர்க்கத் தாய் புறப்படுகிறார்.

ஏனாமில் விமான நிலையம் இல்லை. பக்கத்தில் இருப்பது ராஜமுந்திரி. சுமார் 80 கிலோமீட்டர். காரில் போனால் 2 மணி நேரம்.

விமானம் புறப்படுவதற்கு வெகு முன்னதாகவே நிலையத்துக்குப் போகவேண்டும். பையைச் சோதிப்பார்கள், ஆளைச் சோதிப்பார்கள். அதற்கு ஒன்றரை மணி நேரம்.

ராஜமுந்திரியில் இருந்து ஐதராபாத்துக்கு விமானம். சுமார் ஒரு மணி நேரம்.

ஐதராபாத்தில் இறங்கிப் புதுச்சேரி விமானத்துக்குக் காத்திருக்கவேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் 2 மணி நேரம். இல்லாவிட்டால் இன்னும் அதிகம்.

ஐதராபாத்தில் இருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம்.

லாஸ்பேட்டையில் இறங்கி, பெட்டியை வாங்கி, ஆட்டோ பிடித்துக் கதிர்காமம் வந்து சேர முக்கால் மணி நேரம்.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 9 மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருந்தது 2 மணி 45 நிமிடம்தான். மீதி 6 மணி 15 நிமிடம் தரையில் போயிற்று!

தூரக் கணக்கையும் பாருங்கள். ராஜமுந்திரியில் இருந்து ஐதராபாத் சுமார் 360 கிலோமீட்டர். அது மேற்கே போகும் வழி. புதுச்சேரி இருப்பதோ தெற்கே! பிறகு ஐதராபாத்தில் இருந்து புதுச்சேரி சுமார் 600 கிலோமீட்டர். ரோட்டுத் தூரம் 80-ஐயும் சேர்த்தால் 1,040 கிலோமீட்டர். நேர்கோட்டில் 590 கிலோமீட்டர் இருக்கும் ஊருக்கு இவ்வளவு சுற்று.

காலையில் ஏனாமை விட்ட தாய் புதுச்சேரி வந்து சேரும்போது மாலை ஆகிவிடும். காரியாலயங்கள் மூடியிருக்கும். மறுநாள்தான் வேலை நடக்கும். வேலை முடிந்து திரும்ப இன்னொரு நாள். ஒரு கையெழுத்துக்கு 3 நாள்.

ரயிலில் வரலாமே என்று கேட்கலாம். வரலாம். காக்கிநாடாவுக்கும் புதுச்சேரிக்கும் இடையே சர்க்கார் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. ஏனாமில் இருந்து காக்கிநாடா சுமார் 30 கிலோமீட்டர். டிக்கெட் விலை விமானத்தைவிட மிகக் குறைவு. ஏனாம் மக்களில் பெரும்பாலோருக்கு ரயிலே கைகொடுக்கிறது. ஆனால் இரவு முழுவதும் ரயிலில் இருக்கவேண்டும். கூலி வேலை செய்கிறவருக்கு அந்த நாட்களின் கூலி போய்விடும். நோயாளியாக இருந்தால் துணைக்கு ஒருவர் வரவேண்டும். அவருடைய கூலியும் போகும். தங்கும் செலவு வேறு.

டிக்கெட்டில் அச்சிட்ட விலை ஒன்று. குடும்பம் கொடுக்கும் விலை வேறு.

வந்து வந்து நின்ற விமானம்

சரி, நேர் விமானம் ஏன் இல்லை? லாஸ்பேட்டை நிலையத்தின் கதையைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

2013-ம் ஆண்டு ஜனவரி மாதம் இங்கே புதிய கட்டிடம் திறந்தார்கள். பெங்களூருக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் தொடங்கியது. 2014-ம் ஆண்டின் தொடக்கத்தில் அது நின்றது. 2015-ம் ஆண்டு ஏர் இந்தியாவின் துணைக் கம்பெனி விமானம் விட்டது. சில மாதங்களில் அதுவும் நின்றது.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி ஐதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் வந்தது. 2020-ம் ஆண்டு கொரோனா வந்தபோது நின்றது. 2022-ம் ஆண்டு மார்ச்சு மாதம் மறுபடி தொடங்கியது. 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதக் கடைசியில் மறுபடி நின்றது. 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி இண்டிகோ கம்பெனி பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விமானம் விடத் தொடங்கியது.

பெங்களூர், ஐதராபாத் போன்ற பெரிய நகரங்களுக்கே இந்தக் கதி! காரணம் என்ன? ஆசனங்கள் நிரம்பவேண்டும். பாதி விமானம் காலியாகப் போனாலும் எண்ணெய்ச் செலவு குறையாது. விமானிக்குச் சம்பளம் குறையாது. நஷ்டம் வந்தால் கம்பெனி விமானத்தை வேறு ஊருக்கு மாற்றிவிடும்.

சிறிய ஊர்களுக்கு உதவ மத்திய சர்க்கார் 'உடான்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் முதல் விமானம் 2017-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சிம்லாவில் இருந்து டெல்லிக்குப் பறந்தது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, குறிப்பிட்ட அளவு ஆசனங்களுக்கு 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் கட்டணம் கட்டினார்கள். அதனால் கம்பெனிக்கு வரும் நஷ்டத்தைச் சர்க்கார் ஈடுகட்டும். இந்த உதவி 3 ஆண்டுக்கு. 2017-ல் புதுச்சேரிக்கு வந்த ஐதராபாத் விமானம் இந்தத் திட்டத்தில் வந்ததுதான்.

இப்போது ஏனாம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

78 ஆசனம் உள்ள விமானம் தினமும் ஒரு தடவை போய் வந்தால், ஒரு நாளைக்கு 156 ஆசனம். ஒரு வருஷத்துக்கு 56,940 ஆசனம். 2011-ம் ஆண்டுக் கணக்கில் ஏனாமின் மொத்த ஜனத்தொகையே 55,626 தான்! கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறினாலும் ஆசனம் மிஞ்சும்.

ராஜமுந்திரி, காக்கிநாடா மக்களும் ஏறுவார்களே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் புதுச்சேரியில் காரியாலய வேலை இல்லை. சுற்றுலாவுக்கு வந்தால்தான் உண்டு. அதை நம்பித் தினசரி விமானம் விடக் கம்பெனிகள் தயங்கும்.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

இந்தத் தொல்லை புதுச்சேரிக்கு மட்டும் உரியது அல்ல.

காஷ்மீரத்துக்குக் கிழக்கே லடாக் இருக்கிறது. அங்கே உள்ள லே நகருக்கும் ஸ்ரீநகருக்கும் நேர்கோட்டில் சுமார் 255 கிலோமீட்டர். ரோட்டில் 400 கிலோமீட்டருக்கு மேல். வழியில் சோஜி லா கணவாய். பனிக்காலத்தில் பனி மூடி ரோடு அடைபட்டுவிடும். விமானமோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே ரோடு அடைபட்ட நாளில் ஜனங்களுக்கு விமானம் ஒன்றே வழி. அதனால் அந்த விமானத்துக்கு ஆள் கிடைக்கும்.

வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தில் வேறு வழி பார்த்தார்கள். 2022-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி அசாமின் திப்ருகரில் இருந்து பாசிகாட்டுக்கு ஒரு குட்டி விமானம் விட்டார்கள். நேர்கோட்டில் 75 கிலோமீட்டர்கூட இல்லை. விமானத்தின் பெயர் டோர்னியர். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நம் நாட்டிலேயே செய்தது. அதில் 17 பேர் உட்காரலாம். ஊர் சிறியது என்றால் விமானமும் சிறியதாக இருக்கலாம் என்பது அங்கே கண்ட பாடம்.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். சென்னையில் இருந்து பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்தான். ஆனால் நேர் விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வர என்ன செய்தார்? தெற்கே சுமார் 400 கிலோமீட்டர் ரோட்டில் போய்க் கொழும்பைச் சேர்ந்தார். அங்கே விமானம் ஏறி மறுபடி வடக்கே பறந்தார். வந்த வழியையே வானத்தில் திரும்பக் கடந்தார்!

2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர் விமானம் தொடங்கியது. கொரோனா காலத்தில் நின்று, 2022-ம் ஆண்டு டிசம்பரில் மறுபடி வந்தது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு நாள் பிரயாணம் மட்டும் சில மணி நேரமாகச் சுருங்கிவிட்டது.

ஏனாமுக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஏனாமை ஒட்டிக் கௌதமி கோதாவரி ஓடுகிறது. எதிர்க்கரையில் இருப்பது எதுர்லங்கா. முன்பு படகில்தான் அக்கரை போகவேண்டும். பிறகு அங்கே பெரிய பாலம் வந்தது. மக்களவைத் தலைவராக இருந்த பாலயோகியின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆற்றின் அகலம் குறையவில்லை. அக்கரை மட்டும் கிட்டே வந்துவிட்டது.

என்ன செய்யலாம்?

ஏனாமின் தூரத்தைக் குறைக்க மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, நேரத்தைப் பொருத்துவது. ராஜமுந்திரியில் இருந்து வரும் விமானமும், புதுச்சேரிக்குப் போகும் விமானமும் ஐதராபாத்தில் ஒன்றையொன்று சந்திக்கும்படி அட்டவணை போட்டால் காத்திருக்கும் நேரம் குறையும். இதற்குப் புது விமானம் வேண்டாம். புது ஓடுபாதை வேண்டாம். ஆனால் பெரிய நகரத்துப் பிரயாணிகளின் வசதியைப் பார்த்தே கம்பெனிகள் நேரம் குறிக்கின்றன. ஏனாமுக்காக யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது வழி, சிறிய விமானம். 17 ஆசனம் உள்ள விமானம் வாரத்துக்கு இரண்டு நாள் போய் வந்தால், வருஷத்துக்கு 3,536 ஆசனம். 56,940 ஆசனத்தை நிரப்புவதைவிட இது எளிது. ஆனாலும் சர்க்காரின் பண உதவி இல்லாமல் இது நடக்காது.

நேர் விமானம் வந்தால் தாயின் பிரயாணம் எவ்வளவு குறையும்? ராஜமுந்திரிக்கு 2 மணி. காத்திருக்க ஒன்றரை மணி. பறக்க ஒன்றரை மணி. கதிர்காமம் சேர முக்கால் மணி. மொத்தம் 5 மணி 45 நிமிடம். குட்டி விமானம் வேகத்தில் சற்றுக் குறைவு. ஆகவே கொஞ்சம் கூடவும் ஆகலாம். முன்பு 9 மணி நேரம். 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மிச்சம். அவ்வளவுதான்!

வானத்தில் ஒன்றரை மணி என்று சொல்லி விமானம் விட்டாலும், தரையில் போகும் 4 மணி நேரம் அப்படியே இருக்கிறது. விமானத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆகவே மூன்றாவது வழியே முக்கியமானது. ஆளை அலைய வைப்பதற்குப் பதில் வேலையை ஆளிடம் கொண்டுபோவது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி ஏனாமில் ஜிப்மரின் மருத்துவப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் அதே ஜிப்மரின் கிளை. ஒரு நோயாளிக்கு அங்கேயே சிகிச்சை கிடைத்தால், அவருக்கு 800 கிலோமீட்டர் ரோடும் இல்லை; 9 மணி நேரப் பிரயாணமும் இல்லை. தூரம் அவருக்குப் பூஜ்யம்.

வழக்குகளைக் காணொலியில் விசாரிக்கும் வழக்கம் வந்திருக்கிறது. விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பலாம். ஏனாமில் மண்டல நிர்வாக அதிகாரி இருக்கிறார். புதுச்சேரியில் போடவேண்டிய கையெழுத்தில் எத்தனையை ஏனாமிலேயே போடலாம் என்று பார்த்து, அந்த அதிகாரத்தை அவரிடம் கொடுத்தால், பல குடும்பங்களுக்கு 3 நாள் மிச்சமாகும். இதற்கு எண்ணெய்ச் செலவு இல்லை.

எல்லா வேலையையும் அப்படி முடிக்க முடியாது. பெரிய அறுவை சிகிச்சைக்கு வரத்தான் வேண்டும். கல்லூரியில் சேரும் பெண்ணைத் தாய் கொண்டுவந்து விடத்தான் வேண்டும். அவர்களுக்காக ரயிலும் விமானமும் நன்றாக இருக்கவேண்டும். வரவேண்டியவர் மட்டும் வரட்டும். வர அவசியம் இல்லாதவரை வரச் சொல்லவேண்டாம். மாகிக்கும் இதே கணக்குத்தான்.

மணியைக் கேளுங்கள்

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வது வழக்கம். சர்க்கார் காகிதத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஜனங்கள் அப்படிச் சொல்வது இல்லை. "எவ்வளவு தூரம்?" என்று கிராமத்தில் கேட்டால், "ஒரு நாழி நடை" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். "இப்போது கிளம்பினால் பொழுது சாயப் போய்விடலாம்" என்பார்கள். அவர்கள் சொன்னதுதான் சரியான அளவு.

புதுச்சேரியில் இருந்து ஏனாம் எவ்வளவு தூரம்? நேர்கோட்டில் 590 கிலோமீட்டர். பிரயாணத்தில் ஒரு நாள். ஒரு சின்ன வேலை முடிய 3 நாள். இந்த மூன்று விடைகளில் கடைசி விடையைத்தான் ஏனாம் குடும்பங்கள் தங்கள் பணத்தில் இருந்து கொடுக்கின்றன.

கதிர்காமத்தில் மொட்டை மாடிக்கு ஓடிய பிள்ளை இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஏனாமில் இருந்து வந்த ஒரு பெண், பக்கத்து மருத்துவக் கல்லூரி விடுதியில் படித்துக்கொண்டிருக்கலாம். அவள் படித்து முடித்து, டாக்டராக ஏனாமுக்கே திரும்பினால், அந்த ஊரின் தூரம் இன்னும் கொஞ்சம் குறையும்.